ஷார்ட் ஸ்திரீட்டில் கிடைத்த மீதிக் கதை

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போய் வந்தேன். சிங்கை என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது தேக்கா சந்தையும், சிராங்கூன் சாலை நகைக்கடைகளும், முஸ்தபா கடையும்தான். "என்ன டீச்சர், சேலை எடுக்கவா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நான் சேலை எடுக்கப் போகவில்லை. என் தாயார் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனேன்.

அந்தக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். பன்னிரண்டு வயதில் பால்வாளி தூக்கியவர். நாங்கள் இருந்த ஜொகூர் தோட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சிறு வீட்டில், டிரெஸரின் விதவையான ஒரு கிறிஸ்தவப் பாட்டி இருந்தார். சிங்கப்பூரில் பிறந்தவர். "நான் ஷார்ட் ஸ்திரீட்டில் படிச்சவ" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தப் பாட்டிதான் என் தாயாருக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தார். அரிச்சுவடி தீர்ந்ததும் கையில் கொடுத்த முதல் புத்தகம் 'மோட்சப் பிரயாணம்'.

மாலையில் வேலை முடிந்து, சமையல் முடிந்து, மண்ணெண்ணெய் விளக்கடியில் அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பார். மடியில் நான் இருப்பேன். என் முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "இன்னிக்குப் புத்தகம், நாளைக்குக் கோயிலா?" என்று சத்தம் போட்டார். அம்மா புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். அங்கே பூச்சி அரித்தது. கடைசிப் பக்கங்கள் போய்விட்டன. பயணம் கிளம்பிய மனிதன் ஓர் ஆற்றங்கரைக்கு வந்து நிற்பதோடு எங்கள் வீட்டுக் கதை நின்றுவிட்டது. பிறகு பாட்டி மகளோடு சிங்கப்பூருக்கே போய்விட்டார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்தை இடித்தார்கள். மூட்டை முடிச்சோடு நாங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்ததில் அந்தப் புத்தகமும் காணாமற்போனது.

ஆற்றைக் கடந்தானா இல்லையா என்பது அம்மாவுக்குப் பெரிய கவலையல்ல. அவருடைய கேள்வி வேறு. "பெண்டாட்டியையும் நாலு பிள்ளைங்களையும் விட்டுட்டு, காதைப் பொத்திக்கிட்டு ஓடினானே, அந்தப் பொம்பளை என்ன ஆனா?" இதுதான் கேள்வி. கணவனை இழந்து எங்களைத் தனியாக வளர்த்த பிறகு, அதை இன்னும் அழுத்தமாகக் கேட்கத் தொடங்கினார். இப்போது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. போன தீபாவளிக்கும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லார்கின் நிலையத்தில் பஸ் ஏறினேன். இரண்டு பக்கமும் கடப்பிதழைக் காட்டி, ஜொகூர் பாலத்தைத் தாண்டி, குவீன் ஸ்திரீட்டில் இறங்கினேன். அங்கிருந்து ஷார்ட் ஸ்திரீட் நடைதூரம்தான்.

வழியில், ஓஃபிர் சாலையில், லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. 1888-ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுப்பிய கோயில். வெள்ளைக் கோபுரம், கூரிய வளைவுகள், முக்காடிட்ட தமிழ்ப் பெண்கள், கைப்பிடித்த குழந்தைகள். வாசலில் சற்று நின்றேன். தமிழின் முதல் நாவலை 1879-ல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. நாவல் வெளிவருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1869-ல், பெண்கள் படிக்க வேண்டும் என்று 'பெண்மதி மாலை' பாடியவர் அவர். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஷார்ட் ஸ்திரீட் பெயருக்கேற்ற குட்டைத் தெரு. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். ஆனால் அதன் கதை நீளமானது.

1887-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் பிறந்த சோஃபியா பிளாக்மோர் என்ற இருபத்தொன்பது வயது மங்கை சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார். அமெரிக்க மெதடிஸ்ட் பெண்கள் சங்கம் அனுப்பிய சமய ஊழியர். அப்போது இங்கிருந்த தமிழ் வணிகர்கள் சிலர், எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், இந்த ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கியது. வந்தவர்கள் ஒன்பதே பேர். ஒன்பது பேரும் நம் பெண்கள். பள்ளிக்கு வைத்த பெயரும் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதே.

அதே 1887-ல்தான் 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழும் இங்கே வெளிவரத் தொடங்கியது. இந்த ஊரில் ஆண்கள் கையில் தமிழ்ப் பத்திரிகை வந்த ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வந்தது. அந்த ஒன்பது பேர் பள்ளி வளர்ந்து மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆயிற்று. பிறகு சோஃபியா குன்றுக்குப் போய், 1992 முதல் பிளாக்மோர் டிரைவ் என்று அந்த அம்மையாரின் பெயரையே கொண்ட சாலையில் நடக்கிறது.

பள்ளி மட்டும் போதுமா? படித்த பெண்ணுக்குப் படிக்கப் புத்தகம் வேண்டுமே! அதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியாக இங்கு வந்த ஷெல்லபேர் என்பவர், உத்தியோகத்தை விட்டுச் சமய ஊழியராகி, 1890-ல் ஓர் அச்சகம் தொடங்கினார். நம் ஊர்ப் பேரங்காடிகளில் எம்.பி.எச். என்ற புத்தகக் கடையைப் பார்த்திருப்பீர்களே, அதன் வேர் இதுதான். மெதடிஸ்ட் பப்ளிஷிங் ஹவுஸ் என்பதன் சுருக்கமே எம்.பி.எச். ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அவர்களின் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. புத்தகக் கடைதான் அதில் இல்லை.

சீன வம்சாவளி நோன்யாப் பெண்கள் அந்நாளில் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரமாட்டார்கள். அவர்கள் வீட்டில் பேசிய பாபா மலாயில் சோஃபியா அம்மையார் 'சஹாபத்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நண்பன் என்று பொருள். ஷெல்லபேர் 1905-ல் ஒரு கதைப் புத்தகத்தைப் பாபா மலாயில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அது எந்தப் புத்தகம் என்று நினைக்கிறீர்கள்? என் தாயார் அரிசிப் பானையில் ஒளித்து வைத்த அதே 'மோட்சப் பிரயாணம்'!

அதை எழுதியவர் ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர். பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். வெளியே மனைவியும் பிள்ளைகளும் அவரை எதிர்பார்த்துக் கிடந்தார்கள். ஒரு மகளுக்குக் கண் தெரியாது. 1678-ல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை அதைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894-ல் வெளியிட்டார். புலவர்களுக்குக் காப்பியம். லயத்துப் பெண்ணுக்கு எளிய உரைநடை. ஒரே கதை இரண்டு வாசல் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது.

ஷார்ட் ஸ்திரீட்டில் இன்றைக்கும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. நான் போனபோது ஆராதனை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் என்னைப் பார்த்து, "யாரைம்மா தேடுறீங்க?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லீங்க ஆன்ட்டி. ஜொகூர்லேர்ந்து வர்றேன். ஒரு கதையோட முடிவு தெரியணும்" என்றேன். அவர் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தார்.

"உங்கம்மா கேட்ட கேள்வி சரிதான். எங்க ஓய்வுநாள் பள்ளியிலே நானும் இதையே கேட்டேன். அதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சான்றிதழ் வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள், அந்த இடத்தில் வாய் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

முதல் பாகம் வந்து ஆறு ஆண்டு கழித்து, 1684-ல், பனியன் இரண்டாம் பாகம் எழுதினார். அது முழுக்க அந்த மனைவியின் கதை. கணவனைத் தடுத்தோமே என்று அவள் வருந்துகிறாள். அவளுக்கும் அரசனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். அக்கம்பக்கத்தார் கேலி பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு இளம்பெண் ஒருத்தி மட்டும் கூட வருகிறாள். அவளுக்குக் கடிதம் வரவில்லை. என்னை உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று வாசலில் நடுங்குகிறாள். தட்டுகிறாள். கதவு திறக்கிறது.

"புருஷன் வேகமாப் போனான். இவ மெதுவாத்தான் போனா. பிள்ளைங்க கால் வலிக்குதுன்னு உட்காரும். களைப்பாறிட்டுக் கிளம்புவாங்க. வாளோட ஒரு வீரன் துணைக்கு வருவான். வழியிலே கட்டை ஊனி நடக்கிறவன், பயந்தவன், பலவீனமானவன் எல்லாரையும் சேர்த்துக்குவாங்க. பிள்ளைங்க வழியிலேயே வளர்ந்து கல்யாணமும் ஆயிடும். கடைசியிலே அவ ஆத்தைக் கடந்து புருஷன் போன ஊருக்கே போய்ச் சேருவா." ஆன்ட்டி சொல்லி முடித்தபோது என் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. அவர் தம் முந்தானையால் தம் கண்ணையே துடைத்துக்கொண்டார்.

அப்பாவின் பயத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். "பயம் நியாயந்தான்" என்றார் அமைதியாக. "புத்தகம் கொடுத்தவங்க விசுவாசத்துக்காகத்தான் கொடுத்தாங்க. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா எங்க பாட்டி காலத்திலே எங்களுக்குன்னு புத்தகம் அச்சடிச்சது வேற யாரு?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. என் தாயார் இன்றும் மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறவர். மதம் மாறவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் வராதிருந்தால் அவர் கைநாட்டு. நானும் ஆசிரியை ஆகியிருப்பேனா என்பது சந்தேகமே. அப்பா பயந்ததும் உண்மை, பாட்டி தந்ததும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

செலிகி சாலை வழியே தேக்காவுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால், தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் கூட்டம். அஞ்சடியில் நின்று ஊருக்குப் போன் பேசும் இளைஞர்கள் பலருக்கும் வீட்டில் ஒரு மனைவியோ தாயோ காத்திருப்பார்கள். கம்போங் கப்போர் சாலைக்கும் போனேன். கப்போர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. சோஃபியா அம்மையார் காலத்தில், 1894-ல், தோன்றிய மலாய் மொழித் திருச்சபையின் கோயில் அங்கே இருக்கிறது. சுற்றிலும் மல்லிகையும் மசாலாவும் மணக்க, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

ஒரு கடையில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் கேட்டேன். பயிற்சி நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. கதைப் புத்தகங்கள் ஒரு முழங்கூட இல்லை. இருந்ததில் ஆறு எடுத்துக்கொண்டேன். ஆன்ட்டி கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது. நம் பெண்களும் குழந்தைகளும் சுயமாகப் படிக்கும்படி, அவர்களை மனத்தில் வைத்து எழுதிய புத்தகம் இன்று நம்மிடம் எத்தனை இருக்கிறது? தேவாரமோ, நபிகள் கதையோ, வேதாகமக் கதையோ, எதுவாயினும் இருக்கட்டும். தாயும் பிள்ளையும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து அதைப் படிக்கிறார்களா?

இரவு வீடு திரும்பி அம்மாவிடம் முழுக் கதையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"பிள்ளைங்க நாலும் போய்ச் சேர்ந்துச்சா?" என்றார்.

"அவங்க இந்தக் கரையிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்காங்கம்மா. அம்மா மட்டும் கடந்து போயிட்டா."

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுதான் முறை" என்றார். "பாட்டி இருந்திருந்தா இதையும் சொல்லியிருக்கும்."

மறுநாள் காலையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். கண் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பார்வை வந்ததும் தாமே படிக்க வேண்டுமாம். பெரிய எழுத்தில் எழுதித் தர வேண்டுமாம். தினம் ஒரு பக்கம் எழுதுகிறேன். அந்த இளம்பெண் வாசலைத் தட்டும் இடத்திற்கு வந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் கோடு போட்டுத் தருகிறாள்.