இடம் மாறிய ஈரல்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாகிய எம் தாய்மாமனுக்கு இதயம் வலப்புறத்தும் கல்லீரல் இடப்புறத்தும் அமைந்துள்ளன. ஏறக்குறையப் பதினாயிரவருள் ஒருவர்க்கு இங்ஙனம் அமையும். இது நோயன்று, ஆயினும் அவ்வீரலிற் புற்றுநோய் கண்டபோது யாம் பெரிதும் அஞ்சினோம்.

வயிற்றிற் சிறு துளைகளிட்டுக் காமிராவின் துணையால் ஈரலை அறுக்கும் முறை 1990-களின் தொடக்கத்திலே தோன்றியது. தமிழ்நாட்டில் துளைவழி அறுவைக்கு முன்னோடியருள் ஒருவர் கோயம்புத்தூர் மருத்துவர் பழனிவேலு.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டையூசி வளைவுகளும் ஓரிரவில் இடவலம் மாறின், பழகிய சாரதியின் கையும் தடுமாறுமன்றோ? அதுபோலவே, இத்தகையோர்க்கு மருத்துவர் எதிர்ப்பக்கம் நின்று, துளைகளையும் மாற்றியிட்டு, வலக்கைத் தொழிலை இடக்கையாற் செய்ய நேரிடும். இரத்தக் குழாய்களும் வழிமாறி ஓடக்கூடுமாதலின், ஸ்கேன் படங்களால் அவற்றை முன்னரே ஆராய்தல் இன்றியமையாதது. எம் மாமனின் மருத்துவர் அங்ஙனமே ஆராய்ந்து அறுத்தார். மாமனும் உயிர் பிழைத்தார். பழகிய கையையும் மீண்டும் மாணாக்கனாக்கும் அப்பணிவே அவரைக் காத்ததென்று யாம் கருதுகின்றோம்.