மலைச் சாலையில் கால் நிற்க வேண்டும்
மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறவர்கள் கியரைப் பற்றி யோசிக்கிற அளவுக்குக் காலணியைப் பற்றி யோசிப்பதில்லை.

பனி விலக்கப்பட்டு சாலை திறந்ததும் மணாலியில் சைக்கிள்காரர்கள் கூட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெங்களூர், புனே, கொல்கத்தா, சென்னை என்று பல ஊர்க்காரர்கள். பேச்சு முழுவதும் கியர், பிரேக், டயர், கூடாரம் பற்றித்தான். ஹெல்மெட்டுக்கும் குளிர் ஜாக்கெட்டுக்கும் தாராளமாகச் செலவழித்தவர்கள்கூட, காலையில் மைதானத்தில் ஓடும்போது போடும் ஷூவையே இங்கும் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லே போய்ச் சேருவதற்குள் அதற்கான விலையைக் கால்கள் கொடுத்துவிடும்.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர். லே சுமார் 3,500 மீட்டர். வித்தியாசம் 1,450 மீட்டர்தானே என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இடையில் ரோஹ்தாங் (3,978 மீட்டர்), பாராலாச்சா லா (சுமார் 4,890), நகீ லா, லாச்சுலுங் லா, கடைசியாக 5,300 மீட்டரையும் தாண்டி நிற்கும் தங்லாங் லா. 'லா' என்றால் கணவாய். ஒவ்வொன்றிலும் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு வாகனங்களுக்கு ரோஹ்தாங்கைச் சுற்றும் வேலை மிச்சம். மற்ற கணவாய்களுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது.

லாகூலில் டார்ச்சாவைத் தாண்டினால், லடாக் பக்கம் ரும்ஸே வரும்வரை சுமார் 250 கி.மீ. தூரத்துக்கு நிரந்தரக் கிராமம் என்று எதுவும் இல்லை. சர்ச்சுவிலும் பாங்கிலும் இருப்பவை கோடைக்காலக் கூடாரங்கள். பாங்கில் ராணுவ முகாம் உண்டு. சர்ச்சுவுக்கு அப்பால் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா ஏற்றத்தில், ஒரு சின்ன நினைவிடத்தைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். பனியில் நின்றுபோன லாரியோடு சிக்கி, தண்ணீர் கிடைக்காமல் இறந்துபோன கிளீனரின் ஆவிக்கு வழிப்போக்கர்கள் வைக்கும் காணிக்கை என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, இந்த இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அந்த பாட்டில் குவியலைப் பார்த்தாலே புரிந்துவிடும். ஊரில் கணுக்கால் சுளுக்கினால் ஆட்டோ பிடிக்கலாம். இங்கே லாரி வரும்வரை கல்லின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மலை சைக்கிளில் பெடல் இரண்டு வகை. ஒன்று, ஷூவின் அடியில் பொருத்திய உலோகத் துண்டு 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் பூட்டுப் பெடல். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடுபடும். இன்னொன்று, இருபுறமும் தட்டையாக, சிறு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும் தட்டைப் பெடல். பந்தயக்காரர்களில் பெரும்பாலோர் முதல் கட்சி. பூட்டு இல்லாததால் வேகம் போய்விடும் என்பதும் இல்லை. தட்டைப் பெடலை விடாமல் பிடித்துக்கொண்ட ஆஸ்திரேலியர் சாம் ஹில் 2006, 2007, 2010 ஆண்டுகளில் மலை இறக்கப் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார்.

லே சாலையில் தட்டைப் பெடலுக்கு ஆதரவாக இன்னும் வலுவான காரணங்கள் உண்டு. 5,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூச்சு முட்டும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். வளைவில் லாரி எதிரே வந்தால் சட்டென்று கால் ஊன்ற வேண்டும். ஓடையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அடியில் உலோகத் துண்டு வைத்த ஷூவில் கூழாங்கல் மேல் நடப்பது லேசான காரியம் அல்ல.

ஆனால் பூட்டு இல்லாத பெடலில் காலையும் சைக்கிளையும் சேர்த்து வைத்திருப்பது ஷூவின் அடியில் இருக்கும் ரப்பர் ஒன்றுதான். நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் ஹவாய் செருப்போடு ஆயுள் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஷூ எதற்கு என்று கேட்கலாம். சமவெளியில் பாதம் பெடல் மேல் சும்மா இருந்தாலே போதும். கல்லும் குழியுமான இறக்கத்தில் ஒவ்வொரு அதிர்ச்சியும் பாதத்தைப் பெடலிலிருந்து மேலே தூக்கிப் போடுகிறது. கால் நழுவினால், சுழன்று வரும் பெடலின் ஆணிகள் முழங்காலுக்குக் கீழே எலும்பு வரை கீறிவிடும். அதே நொடியில் சைக்கிளும் தடுமாறும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு.

ஓடுவதற்கான ஷூ இதற்குச் சரிப்படாது. அதன் அடிப்பகுதி பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். மிதிக்கிற பலத்தில் ஒரு பகுதியை அதுவே விழுங்கிவிடும். பாதம் பெடலின் விளிம்பில் வளைந்து, மாலைக்குள் உள்ளங்கால் எரிய ஆரம்பிக்கும். மலை ஏறுவோர் போடும் பூட்ஸ் இதற்கு நேர்மாறு. அடி கெட்டியாக இருக்கும், ஆனால் மண்ணைக் கவ்வுவதற்காக ஆழமான பற்கள் வைத்திருப்பார்கள். பெடல் ஆணிகள் அந்தப் பற்களுக்கு இடையில் விழுந்தால் பிடிமானம் கிடைக்காது. கால் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கும்.

தேவை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: கெட்டியான நடு அடி, மென்மையான, ஒட்டும் தன்மையுள்ள வெளி ரப்பர், ஆழமில்லாத தட்டையான வடிவம். இந்த ரப்பரின் பூர்வீகம் சைக்கிள் அல்ல, பாறை. அமெரிக்காவின் சார்லஸ் கோல் 1985-ல் தொடங்கிய ஃபைவ் டென் நிறுவனம், செங்குத்துப் பாறை ஏறுகிறவர்களுக்காக வழுக்காத ரப்பரைத் தயாரித்தது. அதே ரப்பர் பிறகு சைக்கிள் ஷூவுக்கு வந்தது. 2011-ல் அடிடாஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று வேறு பல நிறுவனங்களும் இந்த வகை ஷூக்களைச் செய்கின்றன.

விலை கட்டுப்படி ஆகவில்லையா? ஸ்கேட் பலகை விளையாட்டுக்கான தட்டை ஷூ அடுத்த தேர்வு. அதுவும் கிடைக்காவிட்டால், பழுப்பு நிற கம் ரப்பர் அடி வைத்த பாட்மின்டன் ஷூ பரவாயில்லை. பிடிமானம் உண்டு, ஆனால் அடி வளையும். உள்ளே கெட்டியான தனி அட்டை போட்டுக்கொள்வது நல்லது. சாதாரண கான்வாஸ் ஷூ வறண்ட சாலையில் ஓடும், நனைந்தால் கைவிடும்.

கடையில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஷூவை இரு கைகளாலும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்தால் சரி, நடுவில் மடங்கினால் வேண்டாம். அடி ரப்பரில் கட்டை விரல் நகத்தை அழுத்துங்கள். பதிந்து மெதுவாக மீள வேண்டும். முடிந்தால் உங்கள் பெடலையே கழற்றி எடுத்துப் போய், ஷூவை அதன் மேல் வைத்து அழுத்தித் திருகிப் பாருங்கள். முன்பகுதி கெட்டியாக இருக்கட்டும், கல் பட்டால் விரல் நசுங்கக் கூடாது. கயிறு நீளமாகத் தொங்கினால் வலது பக்கச் செயினில் சிக்கும், செருகி வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கப் போவது மாலையில், தடித்த கம்பளிக் காலுறையோடு. பகல் முழுக்க மிதித்த பாதம் வீங்கும். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இல்லாவிட்டால், நெருக்கிய பாதத்தில் ரத்த ஓட்டம் குறைந்து குளிரில் விரல்கள் மரத்துப்போகும்.

அடுத்த சோதனை தண்ணீர். பாராலாச்சாவுக்கு இருபுறமும் பனி உருகி வரும் ஓடைகள் சாலையை அரித்துக்கொண்டு குறுக்கே பாயும் இடங்கள் உண்டு. காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயில் ஏறிய பிறகு முழங்காலைத் தொடும். எனவே அதிகாலையிலேயே கிளம்பி, நண்பகலுக்கு முன் கடந்துவிடுவது புத்திசாலித்தனம். வெறுங்காலுடன் இறங்காதீர்கள். அந்தக் குளிரில் ஒரு நிமிடத்தில் பாதம் உணர்விழக்கும், கல் கிழிப்பதுகூடத் தெரியாது. பின்வார் வைத்த ரப்பர் சாண்டல் ஒன்று பையில் இருந்தால் ஷூவைக் காப்பாற்றலாம். பெரிய மெத்தை வைத்த ஷூ நனைந்தால் காய இரண்டு நாளாகும். மெல்லிய செயற்கைத் துணி ஷூ சீக்கிரம் காயும். இரவில் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். சர்ச்சுவில் ஈர ஷூவைக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் கட்டை மாதிரி விறைத்திருக்கும்.

நல்ல ஷூ பாதி வேலைதான் செய்யும், மீதியைக் கால் செய்ய வேண்டும். இறக்கத்தில் இருக்கையை விட்டு எழுந்து, இரு பெடலும் சமமட்டத்தில் இருக்க, குதிகாலைக் கீழே அழுத்த வேண்டும். அப்போது ஒவ்வொரு குலுக்கலும் பாதத்தைத் தூக்குவதற்குப் பதிலாகப் பெடலோடு அழுத்தும். லாச்சுலுங் லாவிலிருந்து பாங்குக்கு இறங்கும் பள்ளத்தாக்கில் இதைப் பழகிக்கொண்டவர், மோரே சமவெளியைக் கடந்து தங்லாங் லாவில் ஏறும்போது நிதானமாக இருப்பார். அங்கிருந்து ரும்ஸேக்கு சுமார் 30 கி.மீ. இறக்கம். பல நாள் ஏறியதற்கெல்லாம் கிடைக்கும் கூலி அது. பெடலை விட்டுக் கால் நகராது என்ற நம்பிக்கை இருந்தால்தான் தலையை நிமிர்த்தி, ஊதாவும் செம்மண் நிறமுமாக விரியும் லடாக் மலைகளைப் பார்த்துக்கொண்டே இறங்க முடியும். இல்லையென்றால் வழி முழுக்க ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.