நூல் பிடித்து ஒரு யாத்திரை

மத்தியதரைக் கடலில் கிரீட் என்று ஒரு தீவு இருக்கிறது. கிரேக்க தேசத்தைச் சேர்ந்தது. அங்கே ஹெராக்லியோன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் போனால் க்னோஸஸ் என்னும் பழைய அரண்மனையின் இடிபாடுகளைக் காணலாம். முற்றங்கள், மாடிப்படிகள், எண்ணெயும் தானியமும் சேமித்த பிரம்மாண்டமான தாழிகள், எல்லாம் 3,000 வருஷத்துக்கும் மேற்பட்ட பழமை உடையவை. 2025-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதையும் கிரீட்டின் வேறு ஐந்து இடங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இவ்விடத்துக்குப் போக இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று, விமானம் ஏறுவது. அதற்குப் பணம் வேண்டும். மற்றொன்று, இந்தக் காலத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மார்க்கம். அதற்குக் கம்ப்யூட்டர் போதும்!

2016-ல் பள்ளிகளுக்கென்றே வெளிவந்த 'மைன்கிராஃப்ட் எஜுகேஷன்' என்ற விளையாட்டில் உலகமே கட்டைகளால் ஆனது. ஒரு கட்டைக்கு ஒரு மீட்டர் கணக்கு. வகுப்புப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் அந்த உலகத்துக்குள் புகுந்து, கூடிப் பேசி, மதில் எழுப்பலாம். கிரேக்கப் புராணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? டெடாலஸ் என்ற சிற்பி கட்டிய புதிர் மாளிகையை அவர்களையே கட்டச் சொல்லிவிடலாம்.

கதை இதுதான். மைனாஸ் மன்னனின் புதிர் மாளிகையில் மினோடார் என்ற அசுரன் அடைபட்டுக் கிடக்கிறான். மனித உடல், காளைத் தலை. அவனுக்கு இரையாக ஏதன்ஸ் நகரம் ஏழு வாலிபர்களையும் ஏழு கன்னிகளையும் அனுப்பியாக வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவன் தீஸியஸ். வீரன்தான், சந்தேகமில்லை. ஆனால் அசுரனைக் கொன்ற பிறகு வெளியே வருவது எப்படி? நம் அபிமன்யு மாட்டிக்கொண்டதும் இந்தச் சங்கடத்தில்தானே! தீஸியஸைக் காப்பாற்றியது ராஜகுமாரி அரியாட்னி கொடுத்த நூலுருண்டை. அந்த உத்தமியை அவன் திரும்பும் வழியில் நாக்ஸாஸ் தீவில் தவிக்கவிட்டுப் போனான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

புத்தகத்தில் படிக்கும்போது நூலுருண்டை அற்பச் சாமானாகத் தோன்றும். தானே மதில் எழுப்பி, நாலு திருப்பம் திரும்பி, வந்த வழி மறந்து விழிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். திரையில் நூலுக்குப் பதில் தீப்பந்தம். ஒருவர் போகிற வழியெல்லாம் பந்தம் நட்டுக்கொண்டே போனால், தோழர்கள் அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

"சரி, இந்தப் பொய் உலகத்தைக் குழந்தை நிஜமென்று நம்பிவிட்டால்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் க்னோஸஸிலேயே இருக்கிறது.

1900-ல் இங்கே பெரிய அளவில் அகழத் தொடங்கிய ஆர்தர் இவான்ஸ் என்ற ஆங்கிலேயர் தோண்டியதோடு நிற்கவில்லை. சிமென்டும் இரும்புக் கம்பியும் கொண்டு மாடிகளையும் தூண்களையும் எழுப்பினார். சுவர்ச் சித்திரத் துண்டுகளை ஒட்டவைத்து 'அல்லி இளவரசன்' என்று ஓர் உருவத்தை அமைத்தார்கள். அவை ஒரே உருவத்தின் துண்டுகள்தானா என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். புதிர் மாளிகையோ அங்கே அகப்படவே இல்லை. பின்னிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான அறைகளைக் கண்டு கதை பிறந்திருக்கலாம் என்பது ஓர் ஊகம்.

ஆக, டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவர் காண்பதிலும் கற்பனை கலந்தே இருக்கிறது. சிமென்டில் எழுப்பிய கற்பனையைக் கலைப்பது கஷ்டம்; கட்டையில் எழுப்பியதை ஒரு நிமிஷத்தில் கலைத்துத் திருத்தலாம். சுவருக்குச் சுவர் பலகை நட்டு, 'இது மண்ணில் கிடைத்தது', 'இது கதையில் வருவது', 'இது நாங்களாக நினைத்தது' என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம்.

ஆகையால், உங்கள் வீட்டுச் செல்வம் திரைக்குள் மாளிகை கட்டினால் உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தச் சுவர் இங்கேதான் இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும், கண்ணா?" என்று கேளுங்கள். அரியாட்னியின் நூலைப் போல, அந்தக் கேள்வி அவனைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்து சேர்க்கும்.