மண்ணுள் மறைந்தவை

இம்மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருக என மலராசிரியர் எம்மைப் பணித்த பொழுது, தமிழாசிரியராகிய யாம் பழம்பாடலொன்றின் நயத்தையோ புராணக் கதையொன்றின் பொருளையோ விரித்துரைப்போம் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறு எழுதவே யாமும் ஏடெடுத்து அமர்ந்தோம். ஆயினும், எம் நெஞ்சம் கல்லூரி வளவின் மேற்கு மூலையிலே தோண்டப்பட்ட ஒரு குழியினையே சுற்றிச் சுற்றி நின்றது. ஆகலின், நிலத்தின்கீழ்ப் புதைந்து கிடக்கும் நீர்க்குழாய்களையும் மின்வடங்களையும் கண்டறியும் இலத்திரனியற் கருவியொன்றைப் பற்றியும், அதனருகே நின்று யாம் கற்ற பாடத்தைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தோம். விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்கள் எம் பிழை பொறுப்பாராக.

முதலில் எம் குற்றத்தைக் கூறுதல் முறையாகும். 2018ஆம் ஆண்டு மாரி தொடங்குமுன், விளையாட்டு மைதானத்தின் ஓரமாக நிழல்மரங்கள் நாட்டுவதெனத் தீர்மானித்தோம். குழிகளுக்கு இடங்குறிக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலகத்திலிருந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். அவ்விடத்தில் யாதுங் குறிக்கப்படவில்லை. குறிக்கப்படாமையால் யாதும் இல்லையென்று கொண்டோம். எம் கையாலேயே சுண்ணாம்புத் தூள்கொண்டு வட்டமிட்டோம். நான்காவது வட்டத்திலே தொழிலாளி ஒருவர் அலவாங்கை ஓங்கிக் குத்தியதும், வெடிச்சத்தத்தோடு நீலச்சுடர் ஒன்று எழுந்தது. அவர் பின்னே தூக்கியெறியப்பட்டார். இறைவன் அருளால் உயிர் தப்பியது. எனினும், வெந்த கை ஆறப் பல கிழமைகள் சென்றன. அக்கையின் இரு விரல்கள் இன்றும் முற்றாக மடங்குவதில்லை. "சேர் என்ன செய்யிறது, ஆருக்குத் தெரியும்?" என்று அவர் எம்மைத் தேற்றினார். அச்சொல் எம்மைத் தேற்றவில்லை.

வரைபடம் ஏன் வெறுமையாயிருந்தது என்பதை இளைய மாணாக்கர் அறிதல் வேண்டும். யாம் இக்கல்லூரியில் மாணாக்கராயிருந்த காலத்தே, 1990ஆம் ஆண்டின் பின்னர், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலிற் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிப் படித்தோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மீண்டு வந்தபோது அலுவலகத்தில் அலுமாரிகள் இருந்தன. அவற்றினுள் இருந்த பத்திரங்கள் இல்லை. பின்னர்க் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. குழாயும் வடமும் வேண்டியவிடத்து வேண்டியவாறு தாழ்க்கப்பட்டன. தாழ்த்தவர் நினைவில் மட்டுமே அவற்றின் வழி எழுதப்பட்டிருந்தது.

2023ஆம் ஆண்டில், புதிய வகுப்பறைத் தொகுதிக்குக் குடிநீர்க் குழாயொன்று கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. இம்முறை யாம் சுண்ணாம்புத் தூளைத் தொட மறுத்துவிட்டோம். நிகழ்ந்ததை அறிந்த பழைய மாணவராகிய பொறியியலாளர் ஒருவர், கொழும்பிலிருந்து அக்கருவியைக் கொண்டு ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தார்.

கண்ணிவெடி அகற்றுவோர் கையில் யாம் கண்டு பழகிய உலோகங் காண் கருவிதானோ இது எனச் சிறுவர் வினவினர். அன்று என்றார் அவர். அக்கருவி அண்மையிற் கிடக்கும் உலோகத் துண்டைக் காண்பது. இதுவோ கம்பியிலும் குழாயிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கேட்பது. மின்னோட்டம் செல்லுங் கம்பியின் அருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதை 1820ஆம் ஆண்டில் ஏர்ஸ்ரெட் கண்டார். மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னைத் தூண்டும் என்பதை 1831ஆம் ஆண்டில் பரடே கண்டார். இவ்விரண்டுமே இக்கருவியின் அத்திவாரம். எமது வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலையும் ஆடலோட்டம். அது மண்ணுக்குள் ஓடுங்கால் அதனைச் சூழ்ந்த காந்தப்புலமும் அவ்வாறே அலைகின்றது. நிலத்தின்மேல் ஏந்திச் செல்லும் வாங்கியிலுள்ள சுருளில் அஃது ஒலியாகப் பிறக்கின்றது. வடத்துக்கு நேர்மேலே வரும்போது ஒலி மிகும், விலகக் குறையும்.

ஆழம் அறியும் முறையும் எமக்கு விளங்கிற்று. வாங்கியினுள்ளே இரு சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. நீண்ட கம்பியொன்றின் காந்தப்புலம், தூரம் இரட்டிக்கப் பாதியாகும். சுருள்களின் இடைவெளி 50 சதமமீற்றர் எனக் கொள்வோம். கீழ்ச்சுருள் ஏற்பது மேற்சுருள் ஏற்பதிலும் இருமடங்காயின், வடம் கீழ்ச்சுருளுக்குக் கீழே 50 சதமமீற்றரிற் கிடக்கின்றது. இத்துணை எளிய கணக்கு எமக்கே விளங்கியதைக் கண்டு கணித ஆசிரியர் நகைத்தார்.

இனி, மின்சாரம் ஓடாத இரும்புக் குழாயை எங்ஙனம் கேட்பது? அதற்கெனவே செலுத்தி என்னும் வேறொரு பெட்டி உண்டு. அதன் ஒரு கம்பியைக் கிணற்றடிக் குழாயிற் கவ்விவிட்டு, மற்றையதை ஈரமண்ணில் அறைந்த இரும்பு முளையிற் பொருத்தினார். செக்கனுக்கு 33,000 தடவை அலையும் மெல்லிய மின்னைக் குழாயில் ஏற்றி, வாங்கியையும் அவ்வெண்ணுக்கே இசைவித்தார். கிணற்றடியிலிருந்து நீர்த்தாங்கி வரையும் குழாய் வளைந்து சென்ற வழியை, மாணாக்கர் அவர் பின்னே சென்று சிறு கொடிகளால் குறித்தனர்.

இக்கருவி இனத்தின் மூத்தோன் ஒன்றைப் பற்றியும் அவர் கூறினார். 1881ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்ட பொழுது, தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல் அவருடலில் தங்கிய குண்டைத் தூண்டற் சுருள்களாலும் ஒலியாலும் தேடினார், அது அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உலோகச் சுருள்கள் ஒலியைக் குழப்பியமை அதற்கு ஒரு காரணம் என்பர். கருவி பொய் சொல்லாது; ஆயின் அது எதனைக் கேட்டுச் சொல்கின்றது என்பதை அறிதல் எம் கடன் என்றார் அவர்.

மைதானத்து விளக்குகளுக்குச் செல்லும் வடத்தைக் கேட்க முயன்றோம், ஒலியில்லை. மாணாக்கன் ஒருவனை அனுப்பி ஆளியைப் போடச் செய்தார். நண்பகலில் விளக்குகள் எரிய, வாங்கியும் உடனே ஒலித்தது. விளக்கு எரிந்தாலன்றி அவ்வடத்தில் மின்னோட்டம் இல்லை; ஓட்டம் இல்லையேல் கேட்பதற்கும் ஒன்றில்லை. இதனைக் கண்ணாரக் கண்டிருந்தும், அடுத்த ஒரு மணி நேரத்துள் யாம் மறந்தமைதான் வியப்பு.

பழைய ஆய்வுகூடம் இருந்த மேற்கு மூலையில் வாங்கி எங்கணும் ஒலிக்கவில்லை. புதிய குழாய் செல்ல வேண்டிய வழி அதுவே. தோண்டலாம் என்றோம். அவ்வேளை பேரனை அழைத்துச் செல்ல வந்து வேம்பின் கீழ் நின்ற முதியவர் ஒருவர் எம்மை அணுகினார். அவர் இக்கல்லூரியிற் பல்லாண்டு சிற்றூழியராயிருந்து ஓய்வுபெற்றவர். எம்மைக் காற்சட்டைப் பருவத்திலிருந்தே அறிந்தவர்.

"தம்பி, உது கத்தாட்டிலும் கீழை வயர் கிடக்குது. நானெல்லே தாட்டனான்."

"அண்ணை, உந்த மெசினுக்குத் தெரியாததோ உங்களுக்குத் தெரியப்போகுது?" என்றோம். எழுதவும் நாணுகின்ற இச்சொல்லை மறையாது எழுதுகின்றோம்.

அவர் சினந்தாரல்லர். "அப்ப சரி தம்பி. ஆனால் அலவாங்கு மட்டும் போடாதேங்கோ" என்று சொல்லித் திரும்பினார்.

அலவாங்கு என்ற சொல் எம்மை அவ்விடத்திலேயே நிறுத்திற்று. யாம் ஓடிச்சென்று அவர் கையைப் பற்றி அழைத்து வந்தோம். அவர் பழைய ஆய்வுகூடத்தின் எஞ்சிய படிக்கல்லில் நின்று, கிணற்றை நோக்கி ஏழு அடி வைத்து, காலால் ஒரு கோடு கீறினார். தொழிலாளர் இரும்பைத் தவிர்த்துக் கையாலும் சிரட்டையாலும் செம்மண்ணை அகற்றினர். முழங்கை ஆழத்தில் சாம்பல்நிறப் பிளாத்திக்குக் குழாய் தோன்றியது. அதனுள்ளே மின்வடம் ஒன்று. அது இடிக்கப்பட்ட ஆய்வுகூடத்துக்குச் சென்ற வடம். மறுமுனையில் ஒரு மின்குமிழேனும் இல்லை. ஆயினும், பெயரெழுதாத உருகியொன்றின் வழியே அது பிரதான பலகையுடன் இன்னும் பொருந்தியிருந்தது. பொறியியலாளர் சோதித்தார், வடம் உயிருடன் இருந்தது. மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. ஆகவே கருவிக்கு அது ஊமை, அலவாங்குக்கோ அது கூற்றுவன். பிளாத்திக்கு மின்னைக் கடத்தாதாகலின், உறையாகிய குழாயும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. செலுத்தியையும் கொண்டு அவ்விடத்தைத் தேடாது விட்டது தம் குறையென அவர் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, முதியவருக்குக் கைகூப்பினார். யாமும் கூப்பினோம்.

வரைபடத்தின் வெறுமையை 2018இல் நம்பினோம்; கருவியின் மௌனத்தை 2023இல் நம்பப் புகுந்தோம். இரண்டும் ஒரே பிழை. இருபதாண்டளவாக வகுப்பறையில் நிற்கும் எமக்கு இப்பிழை புதிதன்று. வினாவுக்கு விடை கூறாத மாணாக்கனை ஒன்றும் அறியாதவன் என்று குறித்துக்கொண்டு, அடுத்தவனை எழுப்பியது எத்தனை முறை! வேறொரு வகையாக வினவியிருந்தால் அவன் பேசியிருக்கவுங் கூடும்.

அன்று தொட்டுக் கல்லூரியில் மூன்று வழக்கங்கள் ஏற்பட்டுள்ளன. பிளாத்திக்குக் குழாய் எதனைத் தாழ்த்தாலும், பிற்காலத்திற் செலுத்தியைப் பொருத்துதற்காக, அதனுடன் செப்புக்கம்பி ஒன்றையும் தாழ்த்து அதன் நுனிகளை வெளியே விடுகின்றோம். கருவி ஒலித்தாலும் ஒலியாவிட்டாலும் குறித்த வழியில் முதலில் கையாலேயே தோண்டிப் பார்க்கின்றோம். மூன்றாவதாக, அலுவலகத்தில் நிலக்குறிப்பேடு ஒன்றைத் தொடங்கியுள்ளோம். மாறாத இரு மூலைகளிலிருந்து அளந்த தூரமும், ஆழமும், தாழ்த்த நாளும், தாழ்த்தவர் பெயரும் அதில் எழுதப்படும். அதன் முதற் பக்கத்தில் அம்முதியவர் தம் கையொப்பத்தை இட்டுள்ளார். விரல் மடங்காத அத்தொழிலாளியும் ஒருநாள் வந்து, 2018ஆம் ஆண்டின் நான்காவது வட்டம் இருந்த இடத்தைத் தாமே அளந்து எழுதுவித்தார்.

பழைய மாணவர்காள்! எங்கெங்கோ நாடுகளில் வாழும் உங்களில் எவரேனும், முன்னொரு நாள் இவ்வளவில் குழாயோ வடமோ தாழ்க்கக் கண்டிருப்பின், அன்றேல் மூடப்பட்ட கிணறொன்றின் இடம் நினைவிலிருப்பின், அதனை அதிபருக்கு எழுதியனுப்புங்கள். நினைவு ஐயத்துக்குரியதாயினும் எழுதுங்கள். அளந்து பார்ப்பது எம் பணி. நிதி வழங்குவோருக்கு நன்றி கூறி இம்மலரில் பலர் எழுதியிருப்பர். யாம் வேண்டுவது உங்கள் நினைவினை. அது குறிப்பேட்டில் ஏறுமுன் எவரும் மறைந்துவிடலாகாது. அதனை அறியாது இங்கே எவரும் மண்ணில் இரும்பை ஓங்கவும் ஆகாது.