செம்மண்ணின் சுவை

நெய்வேலியின் பெருமையைக் கூறுவோர் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் உள்ளதையே கூறுவர். 1935-ஆம் ஆண்டில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டுவித்தபோது நீரோடு கரிய துகள்கள் வெளிப்பட்டன. அதன் பயனாக 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1962-இல் மின்னாக்கம் தொடங்கிற்று. இவற்றை நாடு அறியும். ஆயின், அக்கரியின் மேலே படர்ந்து கிடக்கும் செம்மண்ணைப் பற்றிப் பேசுவோர் சிலரே. சுரங்கம் தோன்றுவதற்கு முன்பிருந்தே பலாவும் முந்திரியும் மணிலாவும் விளைந்த மண் அது. சுரங்கத்தின் பொருட்டு ஊர்கள் பல இடம் பெயர்ந்தன. எஞ்சிய ஊர்களில் அவை இன்றும் விளைகின்றன.

பலாவைச் சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்து மரமாகப் பாடினர். ஓங்கிய மலை ஒன்றும் இல்லாத பண்ருட்டிச் சமவெளியில் அஃது இத்துணை இனிப்பானேன் என்று, திணை இலக்கணம் கற்ற எனக்கு நெடுநாள் வியப்புண்டு.

ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-இல், வைகாசித் திங்களில், எங்கள் நகரியத்து வட்டம் ஒன்றில் உள்ள திடலில் வேளாண் கண்காட்சி நடைபெற்றது. வெயில் தணிந்த பின் குடும்பத்தோடு சென்றேன். உழுபொறிகளையும் சொட்டுநீர்க் குழாய்களையும் பார்க்க என் மகன் ஒருபுறம் போனான். மற்றையோரை உணவுக் கடைகள் இழுத்தன.

முதற்கடையில் கம்பங்கூழ். மோர் விட்டுக் கரைத்து, சிறிய வெங்காயமும் மோர்மிளகாயும் உடன் வைத்துக் கொடுத்தனர். என் மனைவி ஒரு மிடறு பருகிவிட்டு, “நம் இளமையில் இதனை ஏழைகள் உணவு என்றார்கள், இப்போது இதற்கு ஆண்டு விழா எடுக்கிறார்கள்!” என்று நகைத்தாள். அடுத்த கடையில் அவித்த வேர்க்கடலை ஆவி பறந்தது. விற்ற பெண் “மல்லாட்டை, மல்லாட்டை” என்று கூவினாள். சென்னையில் பயிலும் என் பேத்திக்கு அச்சொல் புதிது. மணிலாவிலிருந்து வந்ததென்று மணிலாக்கொட்டை எனப் பெயர் பெற்றது, நம் மக்கள் நாவில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆயிற்று என்றேன். அவள் அச்சொல்லைப் பத்துமுறையேனும் சொல்லிப் பார்த்திருப்பாள்.

முந்திரியும் கடல் கடந்து வந்ததே. பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துகீசியர் கொணர்ந்தனர். உப்புத் தொட்டு உண்டால் பழம் சாறொழுக இனிக்கும். தொண்டையைச் சற்றே கரகரக்கவும் செய்யும். பழத்திற்கு வெளியே தொங்கிய பச்சைக் கொட்டையைப் பேரன் பல்லில் வைக்கப் போனான். கடைக்கார அம்மையார் பதறித் தடுத்து, “வேண்டாம் தம்பி, தோட்டின் பால் பட்டால் உதடு வெந்துவிடும்” என்று தம் கைகளை விரித்துக் காட்டினார். கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனிகள் கறுத்திருந்தன. பாயசத்தில் மிதக்கும் வெண்மையான பருப்புக்கு அவ்விரல்கள் கொடுக்கும் விலையைப் பேரன் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

வரிசையின் கடைசியில் எழுபது வயது மதிக்கத்தக்க உழவர் ஒருவர் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி, நடுத்தண்டை நீக்கி, சடையை விலக்கிச் சுளையை எடுத்த நேர்த்தி கண்கொள்ளாக் காட்சி. சுளையோ தேன். “பழைய மரமோ?” என்று கேட்டேன்.

“பழைய மரம் ஏது, ஐயா? தானே புயல் விட்டு வைத்ததா?” என்றார்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அப்புயல், இம்மாவட்டத்தின் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் வேரொடு சாய்த்தது. அவருடைய பாட்டனார் வைத்த மரங்கள் இருபத்திரண்டாம். விடிந்து பார்த்தபோது நின்றவை இரண்டு.

“நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு, ஐயா. பலா போனால் ஒரு தலைமுறை போயிற்று. இனி மரம் எதற்கு, யார் உண்ணப் போகிறார்கள் என்று மகன் கேட்டான். மறு ஆண்டே ஒட்டுக்கன்று நட்டேன். இப்பழம் அதில் காய்த்ததுதான்” என்றார். சற்று நிறுத்தி, “இப்போது சுரங்கம் எங்கள் ஊர்ப்பக்கம் வரும் என்கிறார்கள். புயலானால் மறுபடியும் நடலாம். நிலமே போனால் எங்கே நடுவது?” என்று கேட்டார்.

எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. நான் முப்பது ஆண்டு பாடம் சொன்னது சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு. இரவில் ஏடு திருத்தியது அக்கரி தந்த விளக்கொளியில். அவர் கடையின் மேலே எரிந்துகொண்டிருந்ததும் அவ்விளக்கே. அவரும் விடையை எதிர்பார்த்தவராகத் தோன்றவில்லை. அடுத்த பழத்தை எடுத்துத் தட்டிப் பார்க்கலானார்.

பேத்தி தான் தின்ற சுளைகளின் கொட்டைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள். சுட்டுத் தின்னவா என்று அவர் கேட்க, நடுவதற்கு என்றாள். உழவர் முகம் மலர்ந்தது.

“கொட்டை முளைத்துக் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும், அம்மா. தாய்மரத்துச் சுவை வருமென்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, காய விடாதே, காய்ந்தால் முளைக்காது. இந்த வாரமே மண்ணில் போட்டுவிடு” என்று சொல்லி, இன்னும் இரண்டு கொட்டைகளைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.