வற்ற வைத்த மாம்பழம்

எங்கள் வடகரப்பதியில் கேக் வேண்டுமென்றால் வேலந்தாவளத்துக்கோ கொழிஞ்சாம்பாறைக்கோ போய் பேக்கரியில் வாங்கி வருவதுதான் வழக்கம். வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்கிற ஓர் அக்கா பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்த பிறகுதான், இதைக் கற்றுக்கொள்ளலாமே என்ற எண்ணம் எனக்கு வந்தது. போய்க் கேட்டேன். "வா கண்ணு. ஆனா கிரீம் பூசறது, பூ வெக்கறதெல்லாம் இப்பக் கேக்காதே. மொதல்ல பழம்" என்றார்.

பழம் என்றால் இங்கே மாம்பழம். முதலமடைத் தோட்டங்களில் தை, மாசியிலேயே காய் இறங்கத் தொடங்கிவிடும். மற்ற ஊர்களில் சீசன் தொடங்குமுன் வருவதால் அதற்கு நல்ல விலை. முதல் தரக் காயெல்லாம் பெட்டியில் ஏறி வடக்கே போய்விடும். தோல் கறுத்ததும் அளவு சிறுத்ததும் உள்ளூர்ச் சந்தைக்கு வரும். அக்கா வாங்குவது இவற்றைத்தான். கூழாக்கப் போகிற பழத்துக்குத் தோல் எப்படி இருந்தால் என்ன?

ரகம் பார்ப்பதில் மட்டும் அவர் கறார். பங்கனபள்ளியில் சதை அதிகம், நார் இல்லை, ஆனால் புளிப்பு போதாது. கிளிமூக்கில் புளிப்பு உண்டு, மணம் கம்மி. நாட்டு மாம்பழத்தின் மணத்துக்கு ஈடே இல்லை. நாரை வடிகட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். மூன்று பங்கு பங்கனபள்ளிக்கு ஒரு பங்கு நாட்டுப் பழம் என்பது அக்காவின் கணக்கு. என் நாக்குக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

பிறகு அடுப்பு. கால் கிலோ கூழுக்கு 50 கிராம் சர்க்கரை சேர்த்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளற வேண்டும். முதலில் குமிழ்கள் படபடவென்று வெடிக்கும். தண்ணீர் வற்ற வற்ற வெடிப்பு நிதானமாகி, கரண்டி இழுத்த தடம் பாத்திரத்தின் அடியில் ஒரு கணம் அப்படியே நிற்கும். அப்போதுதான் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார். மாவு ஊற்றியதும் கெட்டியாகிவிட்டதே என்று இறக்கிவிடக் கூடாது. பச்சை வாசனை போக இன்னும் ஓரிரு நிமிடம் கொதிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகே. புளிப்போடு சேர்ந்து வெகுநேரம் கொதித்தால் மாவின் பிடிப்பு தளர்ந்து, கூழ் திரும்பவும் நீர்த்துவிடும்.

"பழத்துல இருக்கற தண்ணிய அடுப்புல எடுக்கலைன்னா அது கேக்குல எறங்கிரும்" என்பார் அக்கா. நீர்த்த கூழை வைத்தால் கீழ் அடுக்கு ஊறிச் சொதசொதக்கும், மேல் அடுக்கு சறுக்கும், வெட்டும்போது பக்கவாட்டில் வழியும். மழை மறைவுப் பக்கத்தில் இருந்துகொண்டு கோடைக்குக் கோடை தண்ணீருக்கு ஏங்குகிற ஊர் எங்களுடையது. இங்கே உட்கார்ந்து தண்ணீரை விரட்டப் படிக்கிறேன் என்று வீட்டில் ஒரே கேலி.

கேக்குக்கான கணக்கு சுருக்கம்: மூன்று முட்டை, 90 கிராம் சர்க்கரை, 90 கிராம் மைதா, சிட்டிகை உப்பு, கொஞ்சம் வெனிலா. சோடாவோ பேக்கிங் பவுடரோ கிடையாது. உப்புவதற்கு முட்டையில் அடித்துச் சேர்த்த காற்று போதும். அதனால் முட்டையும் சர்க்கரையும் வெளுத்து, தூக்கி ஊற்றினால் நாடாவாக விழுந்து மேலேயே சற்று நிற்கும்வரை அடிக்க வேண்டும். சலித்த மைதாவை மூன்று தடவையாகத் தூவி, அடியிலிருந்து மேலே புரட்டிச் சேர்க்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்று போய்விடும், கேக் அடை மாதிரி இருக்கும். 6 அங்குல டின், 170 டிகிரி, ஏறக்குறைய அரை மணி நேரம். ஈர்க்குச்சி குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்தால் சரி. கரண்ட் போய்விட்டால் பழைய குக்கர் இருக்கிறது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பி, ஸ்டாண்டு போட்டு, டின்னை வைத்து மூட வேண்டியதுதான். நேரம் கூடுதலாகும், நிறம் குறையும். ருசியில் நான் வித்தியாசம் கண்டதில்லை.

ஆறிய கேக்கை இரண்டாக அறுத்து, சர்க்கரைப் பாகு லேசாகத் தடவி, ஓரத்தில் கிரீமால் வயலுக்கு வரப்பு கட்டுகிற மாதிரி ஒரு சுற்று கட்டி, நடுவில் கூழை நிரப்ப வேண்டும். கூழ் கைக்குச் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தாலே கிரீம் இளகும். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது சொல்லவே வேண்டாம். மேலே பெயர் எழுதுவது தனிப் பாடு. ஒரு வீட்டில் தமிழ் கேட்பார்கள், அடுத்த வீட்டில் மலையாளம், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ். மலையாள எழுத்தின் வளைவுக்குக் கோன் தானாகத் திரும்புகிறது. தமிழில் 'ழ' வந்தால் அக்காவே வாங்கிக்கொள்வார்.

கிரீமைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கடைகளில் பெரும்பாலும் அடிப்பது பாலாடை இல்லை. தாவரக் கொழுப்பில் செய்து உறைய வைத்து வருகிற விப்பிங் கிரீம். வெயிலுக்கு அதுதான் தாங்குகிறது, அதனால் நாங்களும் அதைத்தான் வாங்குகிறோம். ஆனால் கனமாகப் பூசினால் பழத்தின் ருசி அமுங்கிவிடும். கேரளத்தில் கேக் தொடங்கிய கதையிலேயே உள்ளூர்ப் பழம் இருக்கிறது. 1880-இல் தலசேரியில் ராயல் பிஸ்கட் ஃபாக்டரியைத் தொடங்கியவர் மாம்பள்ளி பாபு. 1883 கிறிஸ்துமஸுக்கு அஞ்சரக்கண்டித் தோட்டத்து பிரவுன் துரை சீமைக் கேக் ஒன்றைக் காட்டி, அதேபோலச் செய்யச் சொன்னாராம். பாபு, முந்திரிப் பழமும் கதளிப் பழமும் புளித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துச் செய்து கொடுத்தாராம். அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாம்பழம் ஓய்ந்தால் வாழக்குளத்து அன்னாசி. அதையும் பச்சையாக வைக்கக் கூடாது. அதிலுள்ள புரோமெலைன் என்கிற நொதி பால் கிரீமைக் கசக்க வைத்துவிடும். கொதித்தால் அது செயலிழக்கும். அன்னாசியில் தண்ணீர் இன்னும் அதிகம் என்பதால் அடுப்பில் நிற்கிற நேரமும் அதிகம்.

வீட்டு கேக்குக்கு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே என்ன டிசைன் என்று கேட்பதற்கு முன், உள்ளே என்ன பழம் என்று கேளுங்கள். கிரீமைக் குறைத்துப் பழத்தைக் கூட்டச் சொன்னால் செய்பவர்களுக்குச் சந்தோஷம்தான். ஆர்டரை இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கூழ் நன்றாக ஆற ஒரு ராத்திரி வேண்டும்.