சித்திரகுப்தன் ஏடு

சித்திரகுப்தனைப் பற்றி மேடைகளிலே நாம் எத்தனை முறை கேலி பேசியிருக்கிறோம்! எமலோகத்திலே ஒரு கணக்கப்பிள்ளை; அவன் கையிலே ஒரு பேரேடு; பூவுலகிலே பிறந்தவர் சொன்னது, செய்தது, நினைத்தது அத்தனையும் அந்த ஏட்டிலே ஏறுகிறது; ஏறியதை அழிக்க எவராலும் ஆகாது; ஏட்டைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் உரிமை கிடையாது; தீர்ப்பு மட்டும் தவறாமல் வந்து சேரும். இதுதானே கதை! "அந்த ஏட்டைக் கண்டவர் யார்? அதற்கு மை வாங்கித் தந்தவர் யார்?" என்று கேட்போம், கூட்டம் கைதட்டும். அந்தக் கணக்கனின் பெயரை நினைவூட்டும் 'சித்திரபுத்திரன்' என்பதையே புனைபெயராகச் சூட்டிக்கொண்டு, 'குடி அரசு' இதழிலே பெரியார் எழுதியவற்றைப் படித்துப் படித்துச் சிரித்தவர்கள்தாம் நாம்.

அப்படிச் சிரித்த நாமே, சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், ஒரு சித்திரகுப்தனுக்கு நம் கையாலேயே மை ஊற்றித் தந்துவிட்டு வந்தோம். பெருமையோடு அல்ல, வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

தங்கை மகளை மத்தியப் பாடத்திட்டப் பள்ளியொன்றில், ஆறாம் வகுப்பிலே சேர்க்க வேண்டியிருந்தது. தங்கையின் கணவர் வெளியூரில் வேலை. நாம் துணைக்குச் சென்றோம். அலுவலகத்திலே ஒரு கற்றைத் தாளை நீட்டினார்கள். பெயர், பிறந்த நாள், மதம், சாதி, தந்தையின் வருமானம், இரத்தவகை, ஆதார் எண், கைப்பேசி எண், இப்படி ஒரு பட்டியல். அதன் அடியிலே வாழ்நாள் மாணவர் எண் ஒன்றுக்கான இசைவுப் படிவம். அதற்கும் அடியிலே, பள்ளி பயன்படுத்தும் செயலி ஒன்றுக்கான இசைவு. பின்னால் வரிசை நீண்டிருந்தது. "எங்கே அண்ணா, கையெழுத்து?" என்றாள் தங்கை. ஒவ்வொரு தாளிலும் விரலால் தொட்டுக் காட்டினோம். போட்டாள். படித்தோமா? இல்லை! கோவில் வாசலிலே நின்று "இது ஏன், இது எதற்கு?" என்று அடுக்கடுக்காகக் கேட்கும் நாம், கணிப்பொறியின் வாசலிலே வாய்மூடி நின்றோம்.

வீடு திரும்பும் வழியில், அந்தச் சிறுமிதான் கேட்டாள்: "மாமா, அந்தத் தாளில் என்னைப் பற்றித்தானே எழுதியிருந்தது? என்ன எழுதியிருந்தது?"

பதில் சொல்ல முடியவில்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு இருந்த பகுத்தறிவு, பல மேடை ஏறிய நமக்கு இல்லாமற் போயிற்றே என்று அன்றிரவு படிகளை எடுத்துவைத்துப் படித்தோம்.

வாழ்நாள் எண் என்பது, 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி ஒன்றிய அரசு கொண்டுவந்திருக்கும் 'அபார்' என்ற 12 இலக்க எண். மாணவரின் மதிப்பெண், சான்றிதழ், சேர்க்கை, மாற்றம் அனைத்தும் அந்த ஓர் எண்ணின்கீழ்த் திரளும். பெற்றோர் விரும்பினால் இசையலாம்; இசைந்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம். இது நம் விருப்பத்துக்கு விடப்பட்டது என்பதை, கையெழுத்து வாங்கிய மேசையில் எவரும் நமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. சொல்லாதவர் குற்றம் பாதி. கேளாத நம் குற்றம் மீதி.

படித்துக்கொண்டே வந்த கண், 'சாதி' என்ற கட்டத்தில் வந்து நின்றது. நின்றதும், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பறை நினைவுக்கு வந்தது. கையிலே பட்டியலோடு வருவார் எழுத்தர். "உதவித்தொகைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்பார். எழுந்து நின்றவர்களில் நாமும் ஒருவர். தொகை சிறிது, அதைப் பெறுவதற்குள் நாற்பது சோடிக் கண்கள் நம்மேல் பாயும். அதுவரை பக்கத்தில் அமர்ந்து பழகிய நண்பன், மறுநாள் இரண்டு விரற்கடை தள்ளி அமர்ந்தான். அவன் கெட்டவனல்லன். அவனிடம் யாரோ ஒரு தகவலைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தேவையற்றவர் காதிலே விழுந்த ஒரு தகவல், ஒரு பெஞ்சை இரண்டாகப் பிளந்தது.

பழங்கதை என்பீர்களா? 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் தமிழ்நாட்டு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி இடம்பெறலாகாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. தாள் ஏட்டிலிருந்து சாதியை எடுக்கச் சொல்கிறார் நீதிபதி. அந்தத் தாளே மறைந்து திரை வந்துகொண்டிருக்கும் நாளில், திரையிலே அது யார் யார் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்க வேண்டியவர் நாம் அல்லவா?

உடனே ஓர் எதிர்வாதம் எழும். "சாதியைக் குறிக்காதே என்கிறீரே, பிறகு இடஒதுக்கீடு எப்படி?" என்பார்கள். நல்ல கேள்வி. நாம் கணக்கெடுப்புக்குப் பகைவரல்லர். கணக்குக் கேட்டே உரிமை பெற்ற இயக்கம் இது. முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது, 1928 இல் நடைமுறைக்கு வந்த வகுப்புரிமை ஆணை, எந்தப் பதவியில் எவர் எத்தனை பேர் என்ற கணக்கின்மீது எழுந்தது. அந்த உரிமையை 1951 இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றபோது மூண்ட கிளர்ச்சி, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே வழிகோலிற்று. ஆகவே, எழுதுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. உரிமை வழங்குவதற்காக அலுவலகப் பெட்டியில் பூட்டிவைக்கும் குறிப்பு வேறு. நெற்றியிலே ஒட்டி நடுவகுப்பிலே நிறுத்தும் குறி வேறு. முன்னது கைதூக்கிவிடும்; பின்னது காட்டிக்கொடுக்கும். ஒரே எழுத்துத்தான். யார் கையில், எதற்காக, எத்தனை நாள் என்பதிலேதான் அறமும் அநீதியும் பிரிகின்றன.

பெட்டி பூட்டியிருக்கிறதா? பார்ப்போம். பள்ளிக் கல்விக்கென ஒன்றிய அரசு 2017 இல் தொடங்கிய தளம் 'தீக்ஷா'. கொரோனாக் காலத்தில், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு வகுப்பறையின் இடத்தை நிரப்ப வந்தது. அதன் தகவல் சேமிப்பு ஒன்று காவலின்றித் திறந்து கிடந்ததென 2023 சனவரியில் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும், ஏறத்தாழ ஆறு இலட்சம் மாணவர்களைப் பற்றிய விவரமும் அதில் இருந்தன. தீட்சை தருகிறவர் காதோடு காதாக இரகசியம் ஓதுவது மரபாம். இந்தத் தீட்சையோ, இரகசியத்தை ஊரறிய ஓதிற்று!

நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த இழுக்கன்று இது. 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற மனித உரிமை அமைப்பு, 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, 2022 மே திங்களில் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் நூற்றுக்கு 89, பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய முறையில் தகவலைக் கையாண்டதாக அது கண்டது. பாடம் படிக்கப் போன பிள்ளையை, விளம்பர வணிகன் பின்தொடர்ந்தான். கதவைத் திறந்துவிட்டவர்கள், பிள்ளையைக் காக்க வேண்டிய அரசுகள்!

தகவல் சிந்துவது ஒரு தீங்கு. சிந்தாத தகவலும் தீங்கு செய்யும். அதற்கு இங்கிலாந்துக்குப் போவோம்.

2020 இல், கொரோனாவின் காரணமாக, பல்கலைக்கழக நுழைவுக்கு அடிப்படையான 'ஏ லெவல்' தேர்வுகள் அங்கே நடக்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் என்ன தரம் பெற்றிருப்பார் என்று ஆசிரியர்கள் கணித்து, வரிசைப்படுத்தி அனுப்பினர். தேர்வுகளை மேற்பார்க்கும் 'ஆஃப்குவல்' அமைப்பு அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு கணக்குப் பொறியிலே இட்டது. அந்தப் பொறி எதைப் பார்த்தது? அந்த மாணவரின் பள்ளியிலே முந்தைய ஆண்டுகளில் படித்தவர்கள் என்ன தரம் வாங்கினார்கள் என்று பார்த்தது! ஆகஸ்ட் 13 ஆம் நாள் முடிவு வந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 39 தரங்கள் ஆசிரியர் கணித்ததைவிடக் குறைக்கப்பட்டிருந்தன. ஒரு பாடத்தில் ஐவருக்கு மேற்படாத சிறு வகுப்பாயின் ஆசிரியர் கணிப்பே நிற்கும் என்பது விதி. அத்தகைய சிறு வகுப்புகள் கட்டணப் பள்ளிகளிலேதான் மிகுதி. ஏழை ஊர்ப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு, தான் கண்டும் அறியாத பழைய மாணவரின் தோல்வி தலையில் விழுந்தது.

தோழர்களே, இந்தக் குரலை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? "நீ யார் என்பது எனக்கு வேண்டாம், உன் பாட்டன் யார், சொல்" என்றான் மனு. "நீ யார் என்பது எனக்கு வேண்டாம், உன் பள்ளியில் உனக்கு முன்னே இருந்தவன் யார், சொல்" என்றது பொறி. அவன் முற்பிறவி என்றான். இது முன்னாண்டு என்றது. அதற்குச் சுலோகம்; இதற்குச் சூத்திரம். தலைவிதி என்ற பழஞ்சரக்குக்கு, கணிதம் என்று புது உறை!

ஆனால் அந்நாட்டு மாணவர்கள் தலைவிதியென்று தலைகுனியவில்லை. தெருவுக்கு வந்தனர், பொறியைக் கண்டித்து முழங்கினர். ஆகஸ்ட் 17 இல், நான்கே நாளில், அரசு பின்வாங்கிற்று. ஆசிரியர் தந்த தரம் நிலைத்தது. பிரம்மன் எழுதியதை அழிக்க முடியாதென்பார்கள். மனிதன் எழுதிய கணக்கை மனிதன் அழிக்கலாம், அழித்துக் காட்டினார்கள்.

அந்த ஏழை ஊர்ப் பிள்ளையை எண்ணும்போது, தங்கை மகளின் 12 இலக்கம் கண்முன் வந்தது. ஆறாம் வகுப்பிலே கணக்கில் தவறியவள், அம்மை கண்டு இரு திங்கள் வராதவள், ஒருநாள் ஆசிரியரை எதிர்த்துப் பேசியவள். இவையெல்லாம் அழியாமல் திரண்டு, இருபது வயதில் அவளுக்கு முன்னே போய் ஒரு மேசையில் அமர்ந்துகொண்டால் என்ன ஆகும்? குழந்தை வளரும், மாறும், நேற்றைய தன்னை உதறிவிட்டு நிமிரும். அதற்காகத்தான் பள்ளி. மறக்கத் தெரியாத ஏடு, மாறும் உரிமையைப் பறிக்கும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு நிற்கிறது. தனிமைக்கான உரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாதென 2018 இல் அதே நீதிமன்றம் கூறிற்று. 2023 இல் இயற்றப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தகவலுக்குப் பெற்றோர் இசைவு வேண்டுமென்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் தடுக்கிறது. ஆயினும், 2025 நவம்பரில் வெளியான விதிகள், கல்விப் பணிக்கும் பாதுகாப்புக்கும் எனில் பள்ளிகள் கண்காணிக்கலாம் என்று ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கின்றன. கல்விப் பணி எது, வேவு எது என்று கோடு கிழிப்பவர் யார்? நாம் கிழிக்காவிட்டால், விற்பவன் கிழிப்பான்.

மறுவாரம் மீண்டும் பள்ளிக்குச் சென்றோம், தங்கையோடும் அவள் மகளோடும். சண்டையிடவில்லை. தலைமையாசிரியை அம்மையாரிடம் ஐந்து கேள்விகள் எழுதித் தந்தோம். எதற்காக இந்தத் தகவல்? யார் யார் பார்க்கலாம்? எங்கே வைக்கப்படுகிறது? எப்போது அழிக்கப்படும்? பிழையிருந்தால் திருத்துபவர் யார்? அம்மையார் நீண்ட நேரம் தாளைப் பார்த்தார். "இதுவரை எவரும் கேட்டதில்லை ஐயா, நானும் கேட்டுக்கொண்டதில்லை" என்றார். செயலியின் முதலாளி யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. கேட்டறிந்து சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. எல்லா ஆசிரியர் திரையிலும் சாதிக் கட்டம் தெரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டார்; அலுவலகத்துக்கு மட்டுமென மாற்றச் செய்தார். வாழ்நாள் எண்ணுக்குத் தந்த இசைவைத் தங்கை திரும்பப் பெற்றாள். இம்முறை தாளை முழுதும் படித்தவள், சிறுமி, உரக்கப் படித்தாள், பிறகே தாய் கையெழுத்திட்டாள்.

சிறு வெற்றிதான். நாட்டிலுள்ள பள்ளிகளோ இலட்சக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை, ஒரு மேசை, ஒரு கற்றைத் தாள், "எங்கே கையெழுத்து?" என்று கேட்கும் ஒரு தாய். அந்த வரிசையிலே போய் நில்லுங்கள், இளைஞர்களே! எழுத்தறியாத தாய்க்கு அந்தத் தாளைப் படித்துச் சொல்லுங்கள். ஐந்து கேள்விகளையும் அவள் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். பொறியை உடைக்க வேண்டாம். பொறி நமக்கு வேண்டும், அதன் பின்னே இருப்பவன் பதில் சொல்லவும் வேண்டும்.

எமலோகத்துக் கணக்கன் கற்பனை, கேலி போதும். நம் காலத்துக் கணக்கன் உண்மை. அவனிடம் கேள்வி வேண்டும். ஏட்டைக் காட்டு என்று கேட்போம்!